கல் நிற்கும், துணி நிற்குமா?

பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தவர்கள் ரஞ்சன்குடி கோட்டையைப் பார்த்திருப்பார்கள். 1751-ல் இந்தப் பக்கம்தான் ஆங்கிலேயர் படையும் பிரெஞ்சுப் படையும் மோதிக்கொண்டன. மதில் இன்னும் நிற்கிறது. அந்தச் சிப்பாய்கள் போட்டிருந்த சட்டைகள் எங்கே? கல்லுக்கு இருக்கும் ஆயுசு துணிக்கு இல்லை.

சினிமா உடைகளின் கதையும் இதேதான்.

2012 அக்டோபரில் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் 'ஹாலிவுட் காஸ்ட்யூம்' என்று ஒரு கண்காட்சி தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட உடைகள்! அதை அமைத்தவர் டெபோரா நாடூல்மன் லாண்டிஸ். 1981-ல் வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கு உடை வடிவமைத்தவரும் அவரே. ஹீரோ பல வருஷம் காட்டிலும் மேட்டிலும் அலைந்தவன் என்று தெரிய வேண்டும். அதனால் புத்தம்புது தோல் ஜாக்கெட்டைப் பேனாக்கத்தியாலும் கம்பி பிரஷ்ஷாலும் சுரண்டிப் பழசாக்கினார். உடை என்பது அழகுக்கு மட்டுமல்ல, அதுவும் வசனம் பேசும் என்று இதிலிருந்து புரிகிறது அல்லவா?

இப்போது கொஞ்சம் காமர்ஸ். படம் முடிந்தால் உடை பழைய துணி. கணக்கில் அதன் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். 1970-ல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ தன்னிடம் இருந்த உடைகளை ஏலத்தில் தள்ளிவிட்டது. நடிகை டெபி ரெனால்ட்ஸ் அங்கும் வேறு இடங்களிலும் வாங்கி வாங்கிச் சேர்த்தார். நிரந்தரமாக ஒரு மியூசியம் வைக்க வேண்டும் என்பது அவர் கனவு. அது நடக்கவில்லை. 2011-ல் அவரே ஏலம் விட்டார். மர்லின் மன்றோவின் அந்தப் பிரபலமான வெள்ளை உடை மட்டும் 46 லட்சம் டாலருக்குப் போனது, கமிஷன் தனி! எல்லாச் சொத்துக்கும் தேய்மானம் எழுதுவோம். இதற்கு எப்படி எழுதுவது?

நம் நாட்டுக்கு வருவோம். 'காந்தி' படத்துக்காக 1983-ல் ஜான் மோலோவுடன் சேர்ந்து ஆஸ்கர் வாங்கியவர் பானு அதையா. ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர். 2012-ல், அதாவது லண்டன் கண்காட்சி நடந்த அதே வருஷம், அவர் அந்தச் சிலையை அமெரிக்க அகாதமியிடமே திருப்பிக் கொடுத்தார். அங்கேதான் அது பத்திரமாக இருக்கும் என்பது அவர் நம்பிக்கை. சிலைக்கே இந்த நிலைமை என்றால் துணிக்கு?

சென்னையில் 2023-ல் ஏ.வி.எம். ஹெரிடேஜ் மியூசியம் திறந்தார்கள். பழைய கார்கள், படப்பிடிப்புக் கருவிகள்... சந்தோஷம். இரும்பைத் துடைத்து வைத்தால் போதும். பட்டும் ஜரிகையும் அப்படியல்ல. வெளிச்சம் பட்டால் வெளுக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், மிச்சத்தைப் பூச்சி பார்த்துக்கொள்ளும். நம்மூர் ராஜா உடைகள் பலவும் ஷூட்டிங் முடிந்ததும் வாடகைக்குப் போகும். பிடித்துத் தைத்து, பிரித்துத் தைத்து, கடைசியில் ஏதாவது பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மனாக வந்து நிற்கும். அதைத் தைத்த டெய்லர் யார் என்று யாருக்கும் தெரியாது.

விலை ஏறிய பிறகு பாதுகாக்க எல்லோரும் வருவார்கள். விலையே இல்லாதபோது ஒருவர் எடுத்து மடித்து வைத்தால்தான் அந்த நாள் வரும். அந்த ஒருவர் நம்மூரில் யார்?