இரு சித்தாந்தங்களின் நடுவே ஒரு மடிக்கணினி

யந்திரங்களின் கோளாறுகளில் இரண்டு ஜாதி உண்டு. ஏதோ ஓர் உறுப்பு தேய்ந்தோ முறிந்தோ போவதால் நேர்வது ஒன்று. உறுப்புகளெல்லாம் செவ்வனே இருக்க, அவற்றைச் செய்தவர்கள் ஒருவரோடொருவர் மனம் ஒவ்வாதிருப்பதால் நேர்வது மற்றொன்று. முதல் ஜாதியை மாற்று உறுப்பு வாங்கித் தீர்த்துவிடலாம். இரண்டாவதைத் தீர்ப்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் என்விடியா கிராபிக்ஸ் சில்லின் டிரைவரையும், அதன்மேல் கூடா என்னும் கணிப்புக் கருவித்தொகுதியையும் நிறுவப் புகுந்தவர்களுக்கு எதிர்ப்படுகிற கறுத்த திரை, இந்த இரண்டாம் ஜாதியைச் சேர்ந்தது என்பது என் துணிபு.

லினக்ஸின் கருவாக விளங்கும் கெர்னலை இயற்றுகிறவர்கள், அதன்மேல் ஓடும் சாதாரண நிரல்கள் நேற்று ஓடியதுபோலவே இன்றும் ஓட வேண்டும் என்பதை ஒரு விரதமாகவே காத்து வருகிறார்கள். ஆனால் கெர்னலுக்குள்ளேயே குடிபுக வரும் மாட்யூல்களுக்கு அவ்வித அபயம் ஏதும் கிடையாது. உள்ளமைப்பை நாங்கள் வேண்டும்போது மாற்றுவோம், மாற்றும்போது எங்கள் களஞ்சியத்தில் மூலநிரலோடு இருக்கும் டிரைவர்களை நாங்களே உடன் திருத்திவிடுவோம், வெளியே நிற்பவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்ளட்டும் என்பதே அவர்களுடைய சித்தாந்தம். என்விடியாவோ தன் டிரைவரின் மூலநிரலை நெடுங்காலம் வெளியிடாமலே வைத்திருந்தது. இரு தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு நியாயங்களும் சந்திக்கும் இடம் நம் மடியில் இருக்கும் கணினியாக அமைந்துவிட்டதுதான் சங்கடம். கெர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் என்விடியாவின் மாட்யூலையும் புதிய கெர்னலுக்கு இசைய மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது. அதைத் தானாகச் செய்வதற்கென்றே டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு உண்டு. அந்தக் கட்டுமானம் இரவில் ஓசையின்றித் தோற்றுப்போனால், காலையில் கணினியைத் திறப்பவருக்கு நேற்றிருந்த மேசைத்திரை இன்று இராது.

மடிக்கணினியில் இந்த வியவகாரம் இன்னும் சிக்கலானது. மின்கலத்தைக் காக்கும் பொருட்டு, 2010-இல் என்விடியா ஆப்டிமஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது: திரையைப் பிராசசரோடு ஒட்டிப் பிறந்த சிறிய கிராபிக்ஸ் சில்லு ஓட்டும், கனமான வேலை வந்தால் மட்டும் தனிச் சில்லு விழித்தெழுந்து, தான் வரைந்ததைச் சிறியதன் கையில் ஒப்படைக்கும். விண்டோஸில் அது நடந்தது. லினக்ஸுக்கு அப்போது அது வரவில்லை. 2012-இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் லினக்ஸின் கர்த்தாவாகிய லீனஸ் டோர்வால்ட்ஸ் பேசியபோது, சபையிலிருந்த ஒரு பெண்மணி தம் மடிக்கணினியின் இந்தக் குறையைத்தான் எடுத்துச் சொன்னார். டோர்வால்ட்ஸோ காமிராவை நோக்கி ஒரு விரலை உயர்த்திக் காட்டி, அந்த நிறுவனத்தை விளித்து அச்சிடத்தகாத ஒரு வார்த்தையையும் உதிர்த்தார்.

அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஆப்டிமஸை லினக்ஸில் இயக்குவதற்காகத் தன்னார்வலர்கள் பம்பிள்பீ என்ற நிரலைச் செய்திருந்தார்கள். அதை நிறுவும் ஸ்கிரிப்டில், நீக்க வேண்டிய ஒரு கோப்பின் நீண்ட பாதையில் யூஎஸ்ஆர் என்ற அடைவின் பெயருக்குப் பின் ஓர் இடைவெளி தவறி விழுந்துவிட்டது. அதனால் அந்தச் சிறு கோப்புக்குப் பதிலாக, கணினியின் பெரும்பான்மை நிரல்கள் வாசம் செய்யும் யூஎஸ்ஆர் அடைவு முழுவதையும் அது நீக்கத் தொடங்கிற்று. கட்டளை கொடுப்பவர் சர்வாதிகாரியாகிய ரூட் பயனர். ஆகையால் கணினி ஏன் என்று கேட்கவில்லை. எங்கிருந்தோ எடுத்த வரிகளை ரூட் அதிகாரத்தோடு ஒட்டும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வரும்.

என் சகோதரியின் குமாரனுக்கு இவ்வித அச்சம் கிடையாது. பொறியியல் படிக்கும் அவன், படங்களைக் கண்டறியக் கற்பிக்கும் ஒரு பாடத் திட்டத்துக்காகத் தன் மடிக்கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவி, டிரைவரை ஒருமுறை உபுண்டுவின் களஞ்சியத்திலிருந்தும், அது பேசாததால் மறுமுறை தனியே இறக்கிய நிறுவியைக் கொண்டும் ஏற்றியிருந்தான். “மாமா, இப்போது திரையே வரவில்லை; நீங்களே பாருங்கள்” என்று அதைக் கொண்டுவந்து வைத்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்பது அவன் யோசனை. அது எனக்குச் சம்மதமில்லை. அழித்தால் தடயமும் அழியும்.

திரை வராவிட்டாலும் கணினி மரித்துவிடவில்லை. கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3-ஐ அழுத்தியதும் எழுத்து மட்டுமேயான ஒரு முகப்பு எழுந்தது. அங்கிருந்து நீதிமன்றத்தில் சாட்சிகளை விசாரிப்பதுபோல ஒவ்வொருவரையும் அவரவர் கண்டதை மட்டும் கேட்டுக்கொண்டு போனோம். சில்லு கணினியில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை எல்எஸ்பிசிஐ சொல்லும்; இருக்கிறது என்றது. மாட்யூல் கெர்னலுக்குள் நுழைந்திருக்கிறதா என்பதை எல்எஸ்மாட் சொல்லும், நுழையவில்லை. ஏன் நுழையவில்லை என்பதை கெர்னலின் தினக்குறிப்பாகிய டிமெஸ்ஜி சொல்லியது: செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்க, அங்கீகரிக்கப்பட்ட கையொப்பம் இல்லாத மாட்யூலை கெர்னல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தது. இதனிடையே, திரையை நிர்வகிக்கும் எக்ஸ்ஆர்க்கின் அமைப்புக் கோப்பு ஒன்று, வராத அந்த டிரைவரைத்தான் திரை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று கட்டளையிட்டுக்கொண்டிருந்தது. அக்கோப்பை அப்புறப்படுத்தியதும் சிறிய சில்லின் தயவில் மேசைத்திரை திரும்பிற்று. நோயின் மூலம் வேறு, கறுத்த திரை வேறு.

“நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, மாமா, மறுபடி தொடங்கியதும் நீலமாக ஏதோ வந்தது. பயந்து, தொடர்க என்பதை அழுத்திவிட்டேன்” என்றான். அந்த நீலத் திரைதான் விஷயமே. இந்த இயந்திரத்தின் உரிமையாளர் இந்தக் கையொப்பத்தைத் தாமே ஏற்கிறாரா என்று, விசைப்பலகைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரை அது நேரில் கேட்கிறது. பதில் சொல்லாவிட்டால் சில விநாடிகளில் கடந்து போய்விடும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்பது பரவலான உபதேசம். அது பலிக்கும்தான், ஆயினும் ஒரு முறை கடவுச்சொல்லைத் தட்டி முடிக்கக்கூடிய சம்பிரதாயத்துக்காகக் காவற்காரனையே வேலையிலிருந்து நீக்குவது எனக்கு உசிதமாகப் படவில்லை. இரண்டு டிரைவர்களையும் களைந்து, களஞ்சியத்தினதை மட்டும் ஏற்றி, நீலத் திரைக்கு உரிய பதிலைக் கொடுத்தோம். என்விடியா-எஸ்எம்ஐ என்று தட்டியதும் சில்லின் பெயர், வெப்பம், நினைவகம் எல்லாம் ஒரு கட்டத்துக்குள் வந்து நின்றன.

அந்தக் கட்டத்தின் மேல் ஓரத்தில் கூடாவின் பதிப்பு எண் ஒன்று பொறித்திருக்கும். அதைக் கண்டு பையன் குதூகலித்தான். ஆனால் கருவித்தொகுதியின் கம்பைலராகிய என்விசிசியின் பெயரைத் தட்டியபோது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. அந்த எண் கருவித்தொகுதி நிறுவப்பட்டிருப்பதைக் குறிப்பதன்று. இந்த டிரைவர் எந்தப் பதிப்பு வரையில் தாங்கும் என்பதையே குறிக்கிறது. லினக்ஸில் 12-ஆம் பதிப்பு வரிசைக்கு டிரைவர் 525.60.13 ஆகவோ அதற்கு மேற்பட்டதாகவோ இருந்தாக வேண்டும். டிரைவர் புதியதாக இருந்து கருவித்தொகுதி பழையதாக இருப்பதில் பாதகமில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அவன் பாடத்துக்கு வேண்டிய பைடார்ச் என்ற நூலகத்தைப் பிப் என்ற நிறுவி மூலம் ஏற்றினால், அது தனக்கு வேண்டிய கூடா நூலகங்களைத் தன்னோடேயே சுமந்து வருகிறது. அதற்கு டிரைவர் ஒன்றே போதும். பையன் இரவெல்லாம் இறக்கி வைத்திருந்த கருவித்தொகுதி அவன் காரியத்துக்குத் தேவையே இல்லை.

2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் என்விடியா தன் கெர்னல் மாட்யூல்களின் மூலநிரலை, டியூரிங் தலைமுறை முதலான சில்லுகளுக்காக வெளியிட்டது. அவற்றின் மேலிருக்கும் நூலகங்கள் மூடியபடியே இருக்கின்றன. மாட்யூலும் கெர்னலின் களஞ்சியத்துக்கு வெளியேதான் நிற்கிறது. ஆகவே டிகேஎம்எஸுக்கும் கையொப்பத்துக்கும் ஓய்வு வந்துவிடவில்லை. பகை தணிந்திருக்கிறது, எல்லை மறையவில்லை.

தேவையில்லை என்று சொல்லியும் பையன் கருவித்தொகுதியை விடவில்லை. சில்லுக்கான நிரலைத் தானே எழுதிப் பார்க்க வேண்டுமாம். எழுதினான். அவனுடைய கணினியிலிருந்த ஜிசிசி என்ற கம்பைலர், கருவித்தொகுதியின் அந்தப் பதிப்பு அனுமதிக்கும் எல்லைக்கு மேற்பட்டது என்று என்விசிசி முகம் திருப்பிக்கொண்டது. பழைய ஜிசிசி ஒன்றைப் பக்கத்தில் நிறுவி, அதையே பயன்படுத்தும்படி சொன்ன பிறகு இணங்கிற்று. இரண்டு நீண்ட எண்வரிசைகளைக் கூட்டும் அந்த முதற்பயிற்சியைப் பிராசசரிலும் கிராபிக்ஸ் சில்லிலும் ஓட்டிக் காலத்தை அளந்தபோது, பிராசசரே முந்திற்று. “இதற்கா மாமா இத்தனை பாடு?” என்றான், மெய்யாகவே கோபத்தோடு. எண்களை அங்கே கொண்டு சேர்ப்பதற்கும் விடையைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் ஆகும் நேரம் கூட்டும் நேரத்தை விழுங்கிவிடுகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு கூட்டல்தானே என்றேன். ஆயிரக்கணக்கான நிரை நிரல்கள் கொண்ட இரண்டு அணிகளைப் பெருக்கிப் பார் என்றும் சொன்னேன். அதற்குள் அவன் எழுதத் தொடங்கிவிட்டான்.