பலகாற் பயின்ற நூல்

கற்றோர் ஒவ்வொருவர்க்கும் பலகாற் பயின்று பழகிய நூல் ஒன்று இருத்தல் இயல்பு. ஏனைய நூல்களை ஒருமுறை ஓதி வைத்துவிடுவோரும், அவ்வொன்றனை மட்டும் பல்லாண்டு கழிந்தபின்னர் மீண்டும் எடுத்து விரிப்பர். அதன்கட் கூறப்படுவது அவர் முன்னரே அறிந்ததாம். அறிந்ததனையே மீண்டும் ஓதுதலாற் பெறும் பயன் என்னை என்று வினவுவாரும் உளர். என் வாழ்நாளில் மும்முறை யான் பயின்ற நூல் ஒன்றனையும், அஃது எனக்குக் காட்டிய என் பிழை ஒன்றனையும் ஈண்டுக் கூறப் புகுகின்றேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

அந்நூல் திருத்தொண்டர் புராணமாம். சுந்தரமூர்த்தி நாயனார் அருளிய திருத்தொண்டத்தொகையை முதனூலாகவும், நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியை வழிநூலாகவும் கொண்டு, குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் இரண்டு காண்டமும் பதின்மூன்று சருக்கமுமாக அதனை விரித்தருளினார் என்பது சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. ஆயினும் யான் அதனை முதற்கண் அறிந்தது செய்யுளால் அன்று. யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் 1852-இல் வெளியிட்ட வசனத்தால். அதனையுங் கண்ணாற் கற்றிலேன், செவியாற் கேட்டேன்.

என் தந்தையார் 1968-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அன்னையாரை அதற்கு முன்னரே இழந்திருந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது. என் தமக்கையார்க்கு இருபது. பண்ணுருட்டிக்கு அணித்தாகிய சிற்றூர் ஒன்றில் எங்கட்கு எஞ்சியவை ஓர் ஓட்டுவீடும், ஒரு தையற்பொறியும், தந்தையார் கைபட்டுத் தேய்ந்த அவ்வசன நூலுமே. தமக்கையார் பகலெல்லாம் அயலார்க்குத் துணி தைப்பார். இரவில் விளக்கருகே அமர்ந்து நாயனார் ஒருவரின் சரிதத்தைப் படிப்பார். யான் நாடோறும் கண்ணப்பர் சரிதமே வேண்டுவேன். காளத்தியப்பர் திருக்கண்ணிற் பெருகிய குருதி கண்டு, கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்புமிடத்தில் அழுவேன். அழுது ஓய்ந்து உறங்கிவிடுவேன். தமக்கையார்க்கு வந்த மணப்பேச்சுக்கள் இரண்டும், தம்பியை யாரிடம் விடுவது என்னும் வினாவில் நின்றுபோயின என்பதைப் பின்னாளில் அயலார் கூறக் கேட்டேன். அவர் அதனை ஒருநாளும் வாய்திறந்து சொல்லிற்றிலர்.

1976-இல் யான் கல்லூரியிற் சேரச் சென்னைக்குப் புறப்பட்டபோது, தமக்கையார் அந்நூலை என் பெட்டியில் வைத்து, “தம்பி, உனக்கு வேண்டியிருக்கும்,” என்றார். யானும் கொண்டு சென்றேன். அவர்க்கு வேறு படி உளதோ என்று கேட்கவேண்டுமென எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை அந்நூலைப் பயின்றது 1994-இல். அப்போது யான் தமிழாசிரியன்; திருக்கோயில்களிற் சொற்பொழிவாற்றவும் தொடங்கியிருந்தேன். கோயமுத்தூர்ச் சி. கே. சுப்பிரமணிய முதலியார் அவர்களின் விரிவுரையைத் துணைக்கொண்டு செய்யுள்களை முறையே ஓதினேன். அவ்வளவு பேருழைப்பால் ஆகிய உரைக்கு ஈடு காண்டல் அரிது. அதனைக் கற்றுத் தேர்ந்தேன் என்னுஞ் செருக்கும் எனக்கு உண்டாயிற்று. இயற்பகையார், சிறுத்தொண்டர் சரிதங்களின்மேல் எழுப்பப்படும் தடைகளுக்கு விடை வகுத்தேன். திருநாவுக்கரசர்க்கு வந்த சூலைநோய் இறைவனின் மறக்கருணையே என்று நிறுவினேன். ஏட்டின் ஓரமெல்லாம் கரிக்கோலாற் குறிப்பெழுதினேன். சொற்பொழிவு கேட்டோர் மகிழ்ந்தனர். யானும் மகிழ்ந்தேன்.

மூன்றாம் முறை 2019-இல். ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றிருந்தேன். சித்திரைச் சதயத்தில் அப்பர் குருபூசையின்பொருட்டுப் பேசுமாறு அழைப்பு வந்தது. பழங்குறிப்புக்களே போதுமென்று எண்ணிப் புத்தகத்தை எடுத்தேன். எனினும் ஓரிடத்தில் தொடங்கிய கண் நில்லாது சென்றது.

புகழனாரும் மாதினியாரும் அடுத்தடுத்து உயிர் நீத்தனர். திலகவதியார்க்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் வடபுலப் போரில் மாண்டார். தாமும் உயிர் விடத் துணிந்த அம்மையாரின் அடியில் வீழ்ந்து, தாய் தந்தையர்க்குப்பின் தமக்கு அவரன்றி வேறு பற்றில்லை என்று தம்பியார் அரற்றினார். தம்பி பிழைத்திருத்தல் வேண்டும் என்னும் ஒரே கருத்தால் அம்மையார் தம் உயிரைத் தாங்கினார். அணிகலன் ஒழித்து, மனையில் இருந்தே தவம் புரிந்தார். அத்தம்பியே பின்னர்ப் புறச்சமயம் புக்குத் தருமசேனர் என்னும் பெயரொடு சிறப்புற்று, தமக்கையாரை மறந்திருந்தார்.

அவ்விடத்து ஏட்டின் ஓரத்தை நோக்கினேன். அம்மையார் உயிர் தாங்கிய செய்யுளின் அருகே என் கையெழுத்து இருந்தது. வினையெச்சம் ஒன்றன் முடிபு பற்றிய இலக்கணக் குறிப்பு அது. அதனையன்றி அப்பகுதி முழுதிலும் யான் ஒன்றும் எழுதிற்றிலேன். சூலைநோய் தொடங்கிய பின்னரே குறிப்புக்கள் நெருங்கிக் கிடந்தன.

நெடுநேரம் அப்பக்கத்தைப் புரட்டாது இருந்தேன். தமக்கையாரைக் கண்டு இரண்டாண்டிற்குமேல் ஆகியிருந்தது. திங்கள்தோறும் பணம் அனுப்பிவந்தேன். அதனாற் கடன் தீர்ந்ததென்று இருந்துவிட்டேன்.

மறுநாட் காலையிற் புகைவண்டி ஏறிப் பண்ணுருட்டியில் இறங்கினேன். அணித்தேயுள்ள திருவதிகை வீரட்டானத்தில் வழிபட்டேன். புலரிக்கு முன் அம்மையார் அலகிட்டு மெழுகிய இடம் அது. சூலையொடு இரவில் வந்து வீழ்ந்த தம்பியார்க்கு, ஒரு கடுஞ்சொல்லுங் கூறாது திருநீறு அளித்து, அவரை உள்ளே அழைத்துச் சென்ற இடமும் அதுவே. பின்பு ஊருக்குச் சென்றேன். திண்ணையில் இருந்த தமக்கையார், என் குரல் கேட்கும்வரை யாரென்று அறிந்திலர். கண்ணொளி மங்கி ஓராண்டிற்குமேல் ஆயிற்றாம். “சொன்னால் நீ கவலைப்படுவாய் என்று சொல்லவில்லை, தம்பி,” என்றார். இத்தனை ஆண்டும் புராணத்திற்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “மனத்தில் இருந்ததைச் சொல்லிக்கொண்டே தைத்தேன்,” என்றார்.

பையிலிருந்து அப்பழைய வசன நூலை எடுத்து அவர் கையிற் கொடுத்தேன். அட்டையைத் தடவிப் பார்த்து அறிந்துகொண்டார். யான் திலகவதியார் பகுதியைப் படிக்கத் தொடங்கினேன். சிறிது கேட்டவர், “அது இருக்கட்டும்; கண்ணப்பரைப் படி. உனக்கு அதுதானே பிடிக்கும்,” என்றார்.

அன்பர்களே, திலகவதியார் அறுபத்துமூவருள் எண்ணப்பட்டாரல்லர். தொகையில் அவர் பெயர் தனித்து இல்லை. எனினும் சேக்கிழார் பெருமான் அரசர் சரிதத்தின் வாயிலிலேயே அவரை நிறுத்தினார். அவர் உயிர் தாங்கியிராவிடின் நமக்கு நாவுக்கரசரும் இலர், அவர் தேவாரமும் இல்லை. மும்முறை பயின்றும் மூன்றாம் முறையிலேதான் இது எனக்குப் புலனாயிற்று. அறிந்த நூலை மீண்டும் ஓதுவதன் பயன் யாதென்பார்க்கு யான் கூறும் விடை இதுவே: நூல் முன்னிருந்தபடியே உளது; நாம் எதனைப் பாராது கடந்து சென்றோம் என்பதை, மீண்டும் அவ்வழியே நடந்தாலன்றி அறியோம்.

அவ்வாண்டுக் குருபூசையிற் பழங்குறிப்பை விடுத்துத் திலகவதியாரைப் பற்றியே பேசினேன். இப்போது திங்கள்தோறும் ஊர் சென்று, தமக்கையார் அருகிருந்து அவ்வசனத்தைப் படித்து வருகின்றேன். யான் ஒரு வரி தவறவிட்டாலும் அவர் நிறுத்தித் திருத்துகின்றார்.

திருச்சிற்றம்பலம்.