அணிற்குட்டி ஒன்றை வளர்த்த வரலாறு

அணிலை அறியாதார் யாழ்ப்பாணத்தில் இலர். வேலியிலும் மதிலிலும் கூரையிலும் விடியற்காலந் தொட்டு அதன் கீச்சொலி கேட்கும். மெத்தைப் பஞ்சையும் தென்னந் தும்பையும் கவர்ந்து சென்று பனை மட்டைகளின் இடுக்கிலும் ஓட்டின் கீழும் கூடு கட்டுகின்ற அதனை ஒருபொழுது வைவோம். மறுபொழுது இராமபிரானுக்கு அணைகட்டத் துணைநின்ற அடியார் எனப் போற்றுவோம். தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருமாலையில் அவ்வணிலை நினைந்து உருகியிருக்கின்றார். மேனாட்டு அறிஞர் லின்னேயசு 1766 ஆம் ஆண்டில் இதற்கு இட்ட பெயரிலே பனைக் குடும்பத்து மரங்களைக் குறிக்கும் இலத்தீன் சொல் அமைந்துள்ளது. இதன் இனப்பெயரோ கயிற்றின்மேல் நடப்பவன் என்று பொருள்படும். இரண்டும் நமது ஊர் அணிலுக்கு எத்துணைப் பொருத்தம்!

சில ஆண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில் ஒருநாள், ஏழாந் தர மாணாக்கருக்கு இளமைப் பெயர்களைக் கற்பித்தேன். தொல்காப்பியர் எலி, வெருகு முதலியவற்றோடு அணிலின் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை வகுத்தனர் என்றும், பறழ் என்பதும் பொருந்தும் என்றும், அணிற்பிள்ளை என நாம் வழங்குவது அன்பின் மிகுதியால் என்றும் கூறினேன். மறுநாட் காலை ஒரு மாணாக்கன் தன் சாப்பாட்டுப் பெட்டியை என் மேசைமேல் வைத்துத் திறந்தான். துணியின் நடுவே கண் திறவாத அணிற்குட்டி ஒன்று கிடந்தது. பெருவிரலினும் சற்றே பெரியது. முதுகிலே மூன்று வரிகளும் மயிர் அரும்பித் தெரிந்தன. இடப் பின்னங்கால் துவண்டு தொங்கியது.

“சேர், தாயைப் பூனை பிடித்துவிட்டது. இது சாகுமோ?” என்றான்.

அவன் தாயை இழந்து அம்மம்மாவுடன் வாழ்பவன். வகுப்பிலே வாய் திறவாதவன். அவன் என்னிடம் தானாகக் கேட்ட முதல் வினா அதுவே. அதற்குச் சொல்லால் விடையிறுக்க இயலாது என்பதை உணர்ந்தேன்.

தாய் உயிரோடிருப்பின் குட்டியைக் கூட்டின் அடியிலே வைத்து அகன்று நிற்பதே முறை. தாயணில் வாயிற் கவ்விச் சென்றுவிடும். இக்குட்டிக்கு அவ்வழி இல்லை. குட்டியைத் தொட்டபோது குளிர்ந்திருந்தது. குளிர்ந்த குட்டிக்கு உணவூட்டலாகாது. அதன் குடல் அதனை ஏற்காது. ஆதலின் வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியாற் சுற்றி அருகில் வைத்து முதலில் உடலைச் சூடாக்கினோம். பின்னர் ஜீவனிக் கரைசலைத் துளித்துளியாகக் கொடுத்தோம். பாடசாலை விட்டதும் கால்நடை வைத்தியரிடம் கொண்டு சென்றோம். அவர் பூனையின் பற்பட்ட காயம் உண்டோ என்றே முதலில் ஆராய்ந்தார். பூனையின் வாயிலுள்ள கிருமி சிற்றுயிர்களை ஓரிரு நாளில் மாய்த்துவிடுமாம். நல்வினைப் பயனாய் அஃது இல்லை. கால் மட்டுமே முறிந்திருந்தது. பனையோலை ஈர்க்கிலே சிறு துண்டு நறுக்கிப் பஞ்சு சுற்றி அவர் கட்டிய கட்டை இன்றும் வியக்கின்றேன்.

பசுப்பால் இவற்றுக்கு ஆகாது, வயிற்றோட்டம் உண்டாக்கும். நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக் கரைத்து, ஊசி நீக்கிய சிறு சிரிஞ்சினால், குட்டியை மல்லாத்தாது நிமிர்த்திப் பிடித்து ஊட்டவேண்டும். விரைந்து ஊட்டினால் பால் சுவாசப்பையிற் புகுந்து உயிர் போகும். ஊட்டியபின் ஈரப் பஞ்சினால் அடிவயிற்றின்கீழ் மெல்ல வருடினாலன்றிச் சிறுநீர் கழியாது. தாயணில் நாவினாற் செய்யும் பணி அது. இரண்டு மணிக்கு ஒருமுறை இவ்வாறு செய்தோம். பகலில் இடைவேளைகளில் அம்மாணாக்கன் ஊட்டினான். இரவில் யானும் என் மனைவியும் முறைவைத்து எழுந்தோம். மூன்றாம் இரவு குட்டி பாலை மறுத்துச் சுருண்டு கிடந்தது. விடியுமுன் அது தலைதூக்கிச் சிரிஞ்சைப் பற்றியபோது என் மனைவியின் கண்கள் கலங்கின. எட்டாம் நாள் கண் திறந்தது.

கட்டு அவிழ்த்தபின் கால் சற்றே கோணியிருந்தது. எனினும் திரைச்சீலையில் ஏறிற்று. பழமும் பயறும் இளந்தளிரும் கொறித்தது. அப்பொழுதுதான் பெரிய வினா எழுந்தது. மாணாக்கன் அதனைக் கூட்டில் வைத்துத் தானே வளர்க்க விரும்பினான். “வெளியே பூனை உண்டு, சேர்” என்றான்.

யான் அவனுக்கு ஒரு செய்தி சொன்னேன். 1995 ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் யாவரும் வீடு வாசல் துறந்து நடந்தபொழுது யான் சிறுவன். புறப்படுமுன் என் தந்தையார் எங்கள் கிளிக்கூட்டைத் திறந்துவிட்டார். அக்கிளி பறக்கவில்லை. திறந்த கூட்டின் வாயிலிலேயே அமர்ந்திருந்தது. திரும்பி வந்தபோது கூடு மட்டுமே இருந்தது. “கூட்டிலே வைத்திருப்பதும் காவலன்று, திடீரெனத் துரத்திவிடுவதும் விடுதலையன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு” என்றேன். அவன் நெடுநேரம் சிந்தித்து, “அந்த வழியைச் செய்வோம்” என்றான்.

கம்பிவலைக் கூடொன்றை எங்கள் வளவின் வேப்பமரத்தில் உயரக் கட்டினோம். பிற அணில்களின் குரலும் காற்றும் பழகுமாறு இரண்டு வாரம் அதனுள் இருந்தது. அந்நாட்களில் அதனைக் கையிலெடுத்துக் கொஞ்சுவதை நிறுத்தினோம்; மனிதருக்கு அஞ்சாத அணில் பூனைக்கும் அஞ்சாது. அம்மாணாக்கனுக்கு எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது இதுவே. ஆயினும் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். பின்னர் ஒரு காலை வாயிலைத் திறந்தோம். மாலையில் மீண்டு வந்து கூட்டில் உறங்கியது. உணவையும் கூட்டையும் எடுத்துவிடாது வைத்தோம். ஓரிரவு வந்தது, ஓரிரவு வரவில்லை. மாதம் ஒன்று கழியுமுன் அறவே வருவதை விட்டது. சில காலம், கால் கோணிய அணிலொன்று மதில்மேல் ஓடக் கண்டோம். பின்னர் அதனையும் காணோம்.

அவ்வாண்டு இறுதியில் அம்மாணாக்கன் “நான் வளர்த்த பறழ்” என்று கட்டுரை எழுதி, வகுப்பின் முன் நின்று வாசித்தான். அவன் குரலை அன்றுதான் பலர் கேட்டனர்.

பயிற்சிக் கலாசாலையில் யான் கற்ற கற்பித்தல் முறைகள் பல. அவற்றோடு இதனையும் சேர்த்துக்கொண்டேன்: சூடு முதலில், உணவு பின்னர், அஞ்சிய பிள்ளைக்கு அன்பு முதலில், இலக்கணம் பின்னர். இம்மலரை விரிக்கும் பழைய மாணவர்களே, நீங்கள் இக்கல்லூரியை விட்டுப் பறந்து பல்லாண்டுகள் ஆயின. உங்களை அனுப்பிய நாளில் உங்கள் ஆசிரியர்களும் கைகளைப் பின்னே கட்டிக்கொண்டுதான் நின்றிருப்பர்.