இரும்புச் சாக்கு

வவுனியாவில் என்னைத் தேடிவந்த தாயிடம், "மகனை இரும்பு பொறுக்க விடாதேங்கோ அக்கா" என்றேன். "அப்ப அரிசிக்கு என்ன செய்யிறது தங்கச்சி?" என்று கேட்டா. என்னிடம் பதில் இருக்கவில்லை.

கொத்துக்குண்டு வானில் விரிந்து சிறுகுண்டுகளைக் கொட்டும். ஒரே வீச்சில் பெரும் பரப்பைத் தாக்குவதால்தான் படைகள் அதை விரும்பின. வெடியாமல் எஞ்சுபவை விளையாட்டுச் சாமான்போல மண்ணில் கிடக்கும். 2012இல் புதுக்குடியிருப்புப் பக்கம் பழைய இரும்புக்காக வெடிபொருளைப் பிரித்த சிறுவன் பலியானான், சகோதரி காயப்பட்டாள். அந்தப் பகுதியில் கொத்துக்குண்டுகள் காணப்பட்டதாக ஐ.நா. நிபுணர் அறிவித்தார். பாவிக்கவேயில்லை என்றது அரசு. 2018இல் இலங்கை தடை ஒப்பந்தத்தில் இணைந்தது. நல்லதுதான், சாக்கோடு போகும் பிள்ளைக்கு அது தெரியாதே.

தாய்க்குக் கோழிக்குஞ்சு வாங்க உதவி கேட்டு எழுதினேன். இரண்டு மாதம் இழுபட்டது. அதுவரை ஒவ்வொரு திங்களும், பையன் பள்ளிக்கு வந்தானா என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.