வெள்ளத்தின் மேல் போட்ட பழி

என் பழைய மாருதி 800 மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்றது உண்மை. அதன் பேட்டரி ஓயாமல் இறங்கியதற்கு வெள்ளம் காரணமில்லை. முதல் சேதியைத் தெருவெல்லாம் சொன்னேன். இரண்டாவதை இப்போதுதான் சொல்கிறேன்.

2023 டிசம்பர் முதல் வாரம். புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவின் மழைத் தண்ணீர் மட்டும் எங்கும் போகாமல் நின்றது. கார் கம்பளம் ஊறியது, கதவு ஸ்பீக்கர்கள் போயின. ஜி.என்.டி. சாலையோரத்து எலக்ட்ரீஷியன் கடைகளில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. எனக்குப் பொறுமை இல்லை. பொங்கல் லீவில் யூடியூபைப் பார்த்துப் புது ஸ்பீக்கர்களையும் கூடவே ஓர் ஆம்ப்ளிஃபையரையும் நானே மாட்டினேன். பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவனுக்கு நாலு ஒயர் ஒரு விஷயமா?

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, பேட்டரிப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட வேண்டும் என்று அந்த வீடியோவிலேயே சொன்னார்கள். தகட்டில் ஓட்டை போடப் பயந்து, சாவி சுவிட்சுக்குப் பின்னால் எப்போதும் கரண்ட் இருக்கும் தடித்த ஒயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றினேன். ஃபியூஸ் போடவில்லை. ஆம்ப்ளிஃபையரை எழுப்பவும் அணைக்கவும் ஸ்டீரியோ செட்டிலிருந்து ஒரு நீல ஒயர் வரவேண்டும். அது கண்ணில் படாததால், அந்த முனையையும் அதே முறுக்கில் சேர்த்துவிட்டேன். பாட்டு பிரமாதமாகக் கேட்டது. ஆம்ப்ளிஃபையர் மட்டும் அதன்பின் தூங்கவே இல்லை.

ஒருநாள் விட்டு எடுத்தால் செல்ஃப் முனகும். இரண்டு நாள் விட்டால் தள்ளத்தான் வேண்டும். எலக்ட்ரீஷியன் பாயிடம் கொண்டுபோனேன். "வெள்ளத்துல நின்ன வண்டி பாய், அதுக்கப்புறம்தான் இப்படி" என்றேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை என்பதுதான் அதன் கெட்டிக்காரத்தனம்.

"வெளிய ஏதாச்சும் மாட்டினீங்களா சார்?" என்று கேட்டார். நியாயமான முதல் கேள்வி. "ஸ்பீக்கர் மட்டும். ஜி.பி. ரோட்டுல கடைக்காரங்க மாட்டினது" என்றேன். பதில் வாயில் தயாராக இருந்தது. ஓம் விதி நடத்துகிற வாத்தியார் தன் காருக்குள் முறுக்கி வைத்திருப்பதை இந்த மனிதர் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

பாய் முறை தெரிந்தவர். முதலில் பாடி எர்த்தைக் கழற்றினார். களிம்பு ஏறியிருந்தது. காசிமேடு, எண்ணூர் வண்டிகளுக்கு வெள்ளமே வேண்டாம், உப்புக்காற்றே எர்த்தைத் தின்றுவிடும் என்று சொல்லிக்கொண்டே உப்புத்தாளால் தேய்த்தார். செல்ஃப் சுறுசுறுப்பானது. உண்மையிலேயே வெள்ளம்தான் போல என்று நானே ஒரு கணம் நம்பினேன். பிறகு நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, நடுவே மீட்டரைக் கோத்தார். சாவி எடுத்து, கதவு மூடிய வண்டியில் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டியது 0.7 காட்டியது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 17 ஆம்பியர்-அவர். அந்தச் சின்ன பேட்டரியில் பாதி. கணக்கை நான் அவருக்கு முன்பே மனதில் போட்டுவிட்டேன்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். முள் அசையவில்லை. என் ஒயர் எந்த ஃபியூஸ் வழியாகவும் போகவில்லையே, எப்படி அசையும்? டைனமோ ஒயரைக் கழற்றினார். அப்போதும் அதே 0.7. "ஒயரிங்லயே தண்ணி ஊறிடுச்சு சார், பிரிக்கணும்" என்றார். என் பேச்சை நம்பியவருக்கு வேறு முடிவு வராது.

பிரிக்க உட்கார்ந்தவன் அவருடைய பையன். ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, ஈர நாற்றம் இன்னும் போகாத கம்பளத்தின் மேல், டேப்பை அங்குலம் அங்குலமாக உரித்தான். நான் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் பத்து நிமிஷ வேலை. வேலையில் தூங்குகிறான் என்று பாய் அவனை அதட்டியபோதும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்கு மேல் முறுக்கு அகப்பட்டது. டேப் உருகி இளகியிருந்தது. "எவனோ கத்துக்குட்டி போட்ட ஜாயின்ட்" என்றான் பையன். பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டியையே கொளுத்தியிருப்பான் சார்! காசு வாங்கிட்டு இப்படியா மாட்டுவானுங்க?" என்று அந்தக் கடைக்காரனைத் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். சும்மா இருந்திருக்கலாம். திட்டினேன்.

ஒயரைச் சால்டர் வைத்து, ஃபியூஸ் போட்டு, நீல முனையைச் செட்டில் கொடுத்தார். மீட்டர் 0.03-க்கு இறங்கியது. கூலி மிகக் குறைவாக வாங்கினார், "உங்க தப்பு இல்லையே" என்று. பையன் கையில் கொஞ்சம் பணம் திணித்தேன். டீக்காசு என்று நினைத்துச் சிரித்தான்.

போன மாதம் எர்த் பார்க்கப் போனபோது, ஒரு டாடா ஏஸ்காரரிடம் பாய் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஜி.பி. ரோட்டுல மட்டும் மாட்டாதீங்க. இதோ, சாரையே கேளுங்க."

நான் தலையாட்டினேன்.