மூன்று கண்

ஜூலை 26

பனிமய மாதா கோயிலில் இன்று கொடியேற்றம். ஊரே அங்கே நிற்க, நான் லேபர் வார்டில் நின்றேன். பிரசவ வார்டு நர்ஸுக்குத் திருவிழா என்பது ஜன்னல் வழியே கேட்கும் வேட்டுச் சத்தம்தான்.

மத்தியானம் தருவைகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். உப்பளத்தில் வேலை. இரண்டாவது பிரசவம், முப்பத்தாறு வாரம். பிரஷர் 150க்கு 100, சிறுநீரில் ஆல்புமின். ஃபைலைப் புரட்டினேன். குழந்தையின் இதயத்தில், கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை என்று இருபதாவது வார ஸ்கேனிலேயே இருக்கிறது. பிந்தைய ஸ்கேன்களில் வளர்ச்சி குறைவு. நஞ்சுக்கொடி பற்றி மட்டும் எல்லாத் தாளிலும் ஒரே வரி: முன்சுவரில் இருக்கிறது, கீழே இறங்கவில்லை. இருக்கும் இடத்தைச் சொன்னவர்கள் அது எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை.

"கெரகணத்தன்னைக்கு வெளிய போவாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் சிஸ்டரம்மா. உப்பு வாரப் போயிட்டா" என்றார் மாமியார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 27, விடியற்காலை

மூன்று பத்துக்குப் பெண் குழந்தை. 1,850 கிராம். மெலிந்த குரலில் அழுதது. பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குக் கொண்டு ஓடினார்கள். அறையில் இருந்த எல்லாக் கண்ணும் அதன் பின்னாலேயே போய்விட்டது.

பத்து நிமிடத்தில் நஞ்சு விழுந்தது. ட்ரேயில் எடுத்துக் குழாயடியில் கழுவினேன். தாயின் பக்கம் ஈரல் நிறம், ஆட்டு ஈரலைக் கையில் ஏந்திய மாதிரி கனம் இருக்க வேண்டும். இதற்கு அந்தக் கனம் இல்லை. ஓரத்தில் ஒரு துண்டு வெளிறி, அழுத்தினால் அமுங்காமல் இருந்தது. ரத்தம் எட்டாமல் செத்த இடம். விரலை ஓட்டினால் மணல் நெருடியது. திருப்பினால் குழந்தையின் பக்கம்: வழுவழுப்பு, நீலமும் சாம்பலுமாக ஒரு மினுக்கம், மேலே மரம் கிளைத்த மாதிரி ரத்தக்குழாய்கள். தராசு காட்டியது 290. இந்த மாதத்துக்கு நானூறுக்கு மேல் எதிர்பார்க்கலாம். நிறைமாதத்தில் அரைக் கிலோ இருக்கும்.

பிறகு தொப்புள்கொடியின் வெட்டுவாயைத் துடைத்துப் பார்த்தேன். நுங்குக்கு மூன்று கண் போல இதற்கும் மூன்று: சிறிதாக இரண்டு தமனி, அகலமாக ஒரு சிரை. இங்கே இரண்டுதான். ஒரு தமனி இல்லை. இரண்டு கண் நுங்கு நாம் தின்னாததா? தமனி ஒன்று குறைந்து பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

கழிவுக்கான மஞ்சள் பையைக் கையில் எடுத்தவள் கீழே வைத்துவிட்டேன். வாளியில் ஃபார்மலின் ஊற்றி, லேபிள் ஒட்டி, டூட்டி டாக்டரிடம் பேத்தாலஜிக்குச் சீட்டு எழுதி வாங்கினேன்.

காரணம் இருக்கிறது. பல வருடம் முன்பு, வேறோர் ஊரில், மண்டையோடு மூடாத குழந்தை ஒன்று இறந்தே பிறந்தது. நஞ்சை இரண்டே நிமிடத்தில் பைக்குள் போட்டேன். அடுத்த வருடம் அதே பெண் வந்தபோது டாக்டர் கேட்டார்: போன தடவை நஞ்சுக்கொடி எப்படி இருந்தது? கேஸ் ஷீட்டில் 'முழுமையாக வந்தது' என்று என் கையெழுத்து. துண்டு உள்ளே தங்கினால் ரத்தம் நிற்காது என்பதால் அது ஒன்றைத்தான் பார்க்கப் பழகியிருந்தேன். நஞ்சு என்ற பெயரே அப்படி வந்ததுதானோ என்னவோ. உள்ளே தங்கினால்தான் அது நஞ்சு. ஒன்பது மாதமும் அதுதான் சோறு, மூச்சு, கழிவு வாய்க்கால்.

ஜூலை 29

இரவு டூட்டி. பிஜி படிக்கிற டாக்டரம்மாவோடு டீ. 2018இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். மரபணு மாற்றத்தால் கருவிலேயே சாகிற அல்லது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே பிழைக்கிற 103 எலி வகைகள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் நஞ்சுக்கொடியும் கோளாறாக இருந்தது. அப்படிப்பட்டவற்றில் இதயமும் மூளையும் கூடவே பழுதாவது அதிகம். அதுவரை பெரும்பாலும் கருவை மட்டும் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எங்கள் வார்டு மாதிரியேதான்.

மனிதரிலும் இந்தத் தொடர்பு தெரிகிறது. இதயக் குறையுள்ள பிள்ளையைச் சுமக்கும் தாய்க்குப் பிரஷர் ஏறும் வாய்ப்புக் கூடுதல். இன்னொன்று, எடின்பரோ டாக்டர் பாலன்டைன் 1892இலேயே எழுதியது: குழந்தை நீர்கோத்து வீங்கும், நஞ்சுக்கொடி வீங்கும், கடைசியில் தாயும் அதேபோல வீங்குவாள். கண்ணாடி நோய் என்றே இப்போது பெயர். பிள்ளைக்கு ஸ்கேன் எடுத்தால் போதாது, தாயின் கையில் பிரஷர் பட்டையும் சுற்ற வேண்டும்.

ஜூலை 31

"நான் என்னக்கா செஞ்சேன்?" என்று கேட்டாள் அந்த உப்பளத்துப் பெண். இந்தக் கேள்வி எப்போதும் தனியாக இருக்கும்போதுதான் வரும்.

இதயம் மூன்றாவது வாரத்தில் தொடங்கி எட்டாவது வாரத்துக்குள் உருவாகிவிடும், நீ கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி நம்பர் வாங்குவதற்கு முன்னாலேயே கட்டி முடிந்திருக்கும் என்றேன். நஞ்சுக்கொடியும் அதே வாரங்களில்தான் வேர்விடுகிறது. பிள்ளையின் இதயம்தான் ரத்தத்தை அங்கே தள்ளுகிறது. அவளுக்குப் புரியும்படி உப்பளத்தையே சொன்னேன். மோட்டார் சரியில்லை என்றால் பாத்திக்குத் தண்ணீர் போதாது. வாய்க்கால் அடைத்தால் மோட்டார் திணறும்.

"எது மொதல்ல கெட்டுது?"

அதை உன் வேலை கெடுக்கவில்லை என்று மட்டும் சொல்ல எனக்கு ஆசை. ஆனால் வெயிலுக்குப் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, சென்னை ஸ்ரீ ராமச்சந்திராவின் குழு 2024இல் எழுதியது: கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும் அபாயம் இரட்டிப்பு. அது இதய ஓட்டையைப் பற்றிய ஆய்வு இல்லை, அவளிடம் சொல்லவில்லை. காரணம் கிரகணம் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2

லீவு. தாத்தாவின் படத்தைத் துடைத்தேன். முத்துக் குளித்தவர். இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல். சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, அந்த நாற்றத்துக்குள் கைவிட்டுத் துழாவி முத்தை எடுப்பார்களாம். சதை குப்பைக்கு. 1973இல் இங்கே கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் கே. அழகர்சாமி முத்து வளர்த்துக் காட்டியபோதுதான், தாத்தா வீசிய சதையின் மதிப்பு ஊருக்குத் தெரிந்தது. மணியை மட்டும் சிப்பிக்குள் வைத்தால் முத்தாகாது. இன்னொரு சிப்பியின் சதைத் துண்டையும் கூடவே ஒட்ட வேண்டும். அது வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகும். முத்தைச் செய்வது அந்தப் பை. கழுவின நஞ்சுக்கொடியைத் திருப்பிப் பிடிக்கும்போது தெரிகிற மினுக்கம் சிப்பியின் உட்புறத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. எங்கள் வீட்டில் பிறந்தவளுக்கு வேறெதுவும் தோன்றாது.

ஆகஸ்ட் 5

திருவிழா. டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லை.

குழந்தைக்கு எக்கோ எடுத்தாயிற்று. சிறுநீரகம் இரண்டும் சரி. ஓட்டையை எடை ஏறின பிறகு பார்ப்பார்கள், முதல்வர் காப்பீட்டில் ஆகிவிடும். எடைதான் இப்போது கவலை. அதில் ஒரு பங்கு அந்த 290 கிராமின் கணக்கு.

மாமியார் என்னைத் தேடி வந்தார். "சிஸ்டரம்மா, நஞ்ச எங்க போட்டிய? என் மவன் பொறந்தப்ப கொல்லையில பொதச்சேன். மாட்டோடதக்கூட வைக்கோல்ல சுத்தி ஆலமரத்துல கட்டுவோம்."

மாடியில் மருந்துத் தண்ணீரில் இருக்கிறது, துண்டு வெட்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிறார்கள் என்றேன்.

"நஞ்சுல பாக்கதுக்கு என்ன இருக்கு?"

சொன்னேன். ஒரு கண் குறைந்ததை, செத்த இடத்தை, மணல் நெருடியதை. கையைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டார்.

"அப்ப கெரகணம்?"

"அது அதுல இல்ல."

ஒன்றும் பேசாமல் கட்டிலுக்குப் போய், ஃப்ளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி, ஆற்றி, மருமகளிடம் நீட்டினார். பேத்தி இன்று 1,870.