ஐந்து கட்டையில் ஒரு முனகல்

நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒரு சுருதி உண்டு. 230 வோல்ட், நொடிக்கு 50 சுற்று. அந்த 50 ஹெர்ட்ஸைக் காதால் கேட்டால் ஐந்து கட்டைக்குப் பக்கத்தில், ஆனால் பெரும்பாலான பாடகர்களால் இறங்க முடியாத ஆழத்தில் நிற்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் ஏ.சி., டி.சி.யாக மாறும் இடத்தில் அது இரட்டித்து 100 ஆகும். பாட்டு முடிந்ததும் ஸ்பீக்கரில் காதை வைத்தால் கேட்கும் 'உம்ம்ம்' இதுதான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே முனகலின் சுருதியே வேறு.

நிறைய பேருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எனக்கு ஆனதற்குக் காரணம் ஒரு கேசட். எண்பதுகளில் மாமா பதிவு செய்தது, ஆச்சி பாடும் தாலாட்டு. ஆச்சி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. வரிக்கு வரி நடுவே மூச்சு வாங்குவாள். அந்த இடைவெளியில் தொட்டில் கயிறு மெல்லக் கிறீச்சிடும். ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும் அந்தக் கிறீச்சு, ஹாலில் ஸ்பீக்கரில் போட்டால் காணாமல் போனது. முனகல் அதைத் தின்றுவிட்டிருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் எதையாவது வாங்கச் சொன்னார்கள். பவர் கண்டிஷனர், தடித்த பவர் கேபிள், புது ஆம்ப். வாங்குவதற்கு முன்னால் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆம்ப்பில் செருகிய எல்லா ஒயரையும் பிடுங்கிவிட வேண்டும். அப்பவும் முனகினால் கோளாறு ஆம்ப்பில். அமைதியானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகிப் பார்க்க வேண்டும். எதைச் செருகும்போது சத்தம் வருகிறதோ அதுதான் வழி. சத்தம் ஸ்பீக்கரில் இல்லாமல் ஆம்ப் பெட்டியிலிருந்தே வந்தால், அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. ஒயர் மாற்றி அதைத் தீர்க்க முடியாது.

எங்கள் வீட்டில் இரண்டு வழிகள். ஒன்று, டி.வி.யிலிருந்து வந்த ஒயர். மாடியிலிருந்து இறங்கும் கேபிளுக்குத் தனியாக ஓர் எர்த், ஆம்ப்புக்கு வேறு ஓர் எர்த். இரண்டுக்கும் நடுவே ஆடியோ ஒயர் பாலம் போட்டால் அதில் முனகல் ஓடும். கிரவுண்ட் லூப் என்பார்கள். டி.வி.க்கும் ஆம்ப்புக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டேன். அதில் வெளிச்சம்தான் போகும், கரண்ட் போகாது. பிளக்கின் மூன்றாவது பின்னை வெட்டினாலும் சத்தம் நிற்கும்தான். ஆனால் என்றைக்காவது ஆம்ப் பெட்டியில் கரண்ட் கசிந்தால், அது தொடுகிறவர் உடம்பு வழியாகத்தான் தரைக்குப் போகும். அதைச் செய்யவே கூடாது.

இன்னொன்றை எலக்ட்ரீஷியன் அண்ணன் கண்டுபிடித்தார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, எர்த் ஒயரு இருக்கு. ஆனா அது எங்கயும் போகல." பின்பக்கம் எர்த் குழியில் கம்பி துருப்பிடித்து அறுந்து கிடந்தது. லேப்டாப்பைத் தொட்டால் விரலில் ஊறுவது போல இருந்ததற்கும் அதுவே காரணம். புதுக் கம்பி, கரி, உப்பு, நாலு குடம் தண்ணீர். "கோடையில மட்டும் மறக்காம தண்ணி ஊத்துங்க."

பிறகும் 'கிர்ர்' என்று ஒரு மெல்லிய சத்தம் மிச்சம் இருந்தது. ஃபேன் ரெகுலேட்டர். பழைய திருகு வகை, கரண்டை நொடிக்கு நூறு தடவை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கும். கெப்பாசிட்டர் வைத்த ஸ்டெப் ரெகுலேட்டர் நறுக்காது. மாற்றியதும் அடங்கியது.

இதற்கெல்லாம் ஆன செலவு ஒரு நல்ல பவர் கேபிளின் விலைகூட இல்லை. இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது: முதலில் எர்த், அடுத்து ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைப்பது, தரையில் ஒரு ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை. காசு சேர்ந்தால் நல்ல ஸ்பீக்கர். அதற்குப் பிறகுதான் ஆம்ப். ஆம்ப்பின் வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். கேபிள் கடைசி. நம்ம ஊரில் இதற்கெல்லாம் மேலே ஓடுகிற ஃபேனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதன் காற்றுச் சத்தத்துக்கு எந்தக் கண்டிஷனரும் மருந்து இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டு கேட்பேன்.

அப்படிக் கேட்ட ஒரு ராத்திரி கயிறு கிறீச்சிட்டது. கூடவே ஒரு முனகலும் இருந்தது. கேசட்டை நிறுத்தினால் அதுவும் நின்றது. அதாவது அது என் வீட்டுக் கரண்ட் இல்லை, அன்றைக்கு மாமா வீட்டில் ஓடிய கரண்ட். கம்ப்யூட்டரில் அளந்தால் 51.5 ஹெர்ட்ஸ். டேப் சுமார் மூன்று சதவீதம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து கிரிட் 50-லேயே நின்றதில்லை என்பதால் இது உத்தேசக் கணக்குதான். ஓட்டத்தைக் குறைத்தேன். குரல் அரை ஸ்வரத்திலும் பாதி இறங்கியது.

அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்து நின்றாள். "இப்பதான்டா ஆச்சி குரலு மாதிரி இருக்கு" என்றாள்.

முனகலை ஃபில்டர் போட்டு எடுத்துவிடலாம். எடுத்த ஒரு பிரதியும் இருக்கிறது. அம்மாவுக்குக் கொடுத்தது எடுக்காததை.